டாப்பியா ஹோக்ஸ்டா: ஏடி இருக்குற இடமா பாத்து ஒட்டுற ரெண்டு சாயத்தோட முழு ரிவ்யூ

மைக்ராஸ்கோப்ல செல்லோட நியூக்ளியஸ், அதாவது டிஎன்ஏ இருக்குற மையம், நீலமா தெரியணும்னா டாப்பி போடு, இல்லன்னா ஹோக்ஸ்ட் போடு, லேப்ல புதுசா சேர்ற பசங்களுக்கு இவ்ளோதான் சொல்லிக் குடுக்குறாங்க. சீனியர் வச்சிருக்குற டியூப்ப வாங்கி ஆயிரத்துல ஒண்ணா கலக்கி அஞ்சு நிமிஷம் வச்சு கழுவி பாத்துட்டு அடுத்த வேலைக்கு போயிடுறாங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம். ஏன்னா இந்த ரெண்டு சாயமும் டிஎன்ஏல எழுத்து எப்படி வருதுன்னு பாத்துட்டுத்தான் உக்காருது. ஏ (அடினின்), டி (தைமின்), ஜி (குவானின்), சி (சைட்டோசின்), இந்த நாலு எழுத்துல ஏவும் டியும் தொடர்ந்து நாலு வந்தா நல்லா ஒட்டும், நடுவுல ஜி வந்தா ஒதுங்கிடும். இது தெரியாம வாங்குனீங்கன்னா படம் அழகா வரும், ஆனா படத்துல இருந்து நீங்க எடுக்குற முடிவு தப்பா போக வாய்ப்பிருக்கு. பல வருஷமா ரெண்டையும் மாத்தி மாத்தி பயன்படுத்துற ஆளா, எதுக்கு எத வாங்கலாம், அது எப்படி வேலை செய்யுது, எங்க காலை வாரும், எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

முதல்ல வாங்குறத பத்தி சொல்லிடுறேன். ரெண்டுமே மஞ்சள் பொடி, சின்ன வயல்ல, அதாவது மருந்து குப்பில வரும். டாப்பி வாங்கும்போது லேபிள்ல எந்த உப்புன்னு பாருங்க, டைஹைட்ரோகுளோரைடுன்னா மூலக்கூறு எடை 350 கிட்ட, டைலாக்டேட்னா 457 கிட்ட, அதனால ஒரே மில்லிகிராம் போட்டாலும் மோலார் கணக்கு வேற வேற வரும். டைலாக்டேட் தண்ணில இன்னும் சுலபமா கரையும், ஃபிக்ஸ் பண்ண, அதாவது கெமிக்கல் போட்டு கொன்னு நிலைநிறுத்தின செல்லுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஹோக்ஸ்ட்லயும் இதே கதைதான், ட்ரைஹைட்ரோகுளோரைடு கூட தண்ணி மூலக்கூறு எத்தனை ஒட்டியிருக்குங்குறத பொறுத்து எடை மாறும், அதனால யாரோ எழுதி வச்ச பழைய ப்ரோட்டோகால் நம்பர அப்படியே எடுக்காம உங்க வயல் மேல என்ன போட்டிருக்கோ அத வச்சு கணக்கு போடுங்க.

ஸ்டாக், அதாவது பின்னாடி நேர்த்துக்குற கெட்டியான கரைசல் போடும்போது ஒரு முக்கியமான விஷயம், டாப்பிய நேரா பிபிஎஸ்ல (பாஸ்பேட் கலந்த உப்பு பஃபர்) கரைக்காதீங்க. பாஸ்பேட் இருந்தா கெட்டியான ஸ்டாக் சரியா கரையாது, அடில மஞ்சளா படிஞ்சு நிக்கும். சாதா சுத்த தண்ணில மில்லிக்கு 5 மில்லிகிராம்னு போடுங்க, கரைய கொஞ்சம் நேரம் எடுக்கும், சோனிகேட்டர் குளியல்ல வச்சா சீக்கிரம் கரையும், அப்புறம் சின்ன சின்ன அலிகாட்டா பிரிச்சு ஃபாயில் சுத்தி ஃப்ரீசர்ல போட்டுடுங்க. பிபிஎஸ்ல நேர்க்கிறது கடைசி வேலைக்கு மட்டும்தான், அந்த நேர்த்த அளவுல பிரச்சனை வராது. செலவ பத்தி பயப்படுறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன், 10 மில்லிகிராம் பொடிய மில்லிக்கு 1 மைக்ரோகிராம்னு நேர்த்தா 10 லிட்டர் வரும், செல் ஒட்டியிருக்குற ஒரு கவர்ஸ்லிப் கண்ணாடிக்கு 200 மைக்ரோலிட்டர் ஊத்தினா 50,000 கவர்ஸ்லிப். 300 நானோமோலார்ல போடுறவங்களுக்கு இன்னும் ஒம்போது மடங்குக்கு மேல வரும். ஒரு லேப்போட ஆயுசுக்கும் ஒரு வயல் போதும்ங்குறதால, கரைச்சு வந்த ரெடிமேட் பாட்டில் வாங்குறத விட பொடி வாங்குறதுதான் என் ஓட்டு. ரெடிமேட் பாட்டில் ஒண்ணு ஒரு சப்ளையர்கிட்ட வாங்கினப்ப லேபிள்ல செறிவே போடல, கேட்டா ரெண்டு வாரம் பதிலும் இல்ல, அந்த மாதிரி தலைவலி பொடில கிடையாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த சாயம் எழுத்து பாத்து ஒட்டுதுங்குறத உங்க கண்ணாலயே பாக்கலாம், பெரிய மெஷின் எதுவும் வேணாம். ஏடி மட்டும் மாறி மாறி வர்ற செயற்கை டிஎன்ஏ ஒரு டியூப்ல, ஜிசி மட்டும் மாறி மாறி வர்றது இன்னொரு டியூப்ல, வெறும் பஃபர் மூணாவது டியூப்ல, மூணுலயும் ஒரே அளவு ஹோக்ஸ்ட் விட்டுட்டு ரூம் லைட்ட அணைச்சுட்டு 365 நானோமீட்டர் யூவி டார்ச் அடிங்க, கண்ணாடி கண்டிப்பா போட்டுக்கோங்க. பஃபர் டியூப் லேசா மங்கலா இருக்கும், ஜிசி டியூப் அதவிட கொஞ்சம் பரவால்லன்னு சொல்ற மாதிரி இருக்கும், ஏடி டியூப் மட்டும் பளீர்னு நீலமா நிக்கும். நெட்ராப்சின்ங்குற ஆன்டிபயாடிக் கைல இருந்தா அந்த ஏடி டியூப்ல கொஞ்சம் கொஞ்சமா விட்டு கலக்கிப் பாருங்க, நீலம் இறங்கும், ஏன்னா நெட்ராப்சினும் அதே இடத்துல உக்கார்ற ஆளு, ஹோக்ஸ்ட்ட தள்ளிவிட்டுட்டு அங்க போய் உக்காந்துக்கும். புதுசா சேர்ற பசங்களுக்கு டெக்ஸ்ட்புக் படம் காட்டுறத விட இந்த மூணு டியூப்ப காட்டினா போதும், அப்புறம் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டாங்க.

ஏன் இப்படி நடக்குதுங்குறது தான் எனக்கு இதுல ரொம்ப புடிச்ச பகுதி. டிஎன்ஏ ஒரு நீளமான பாலிமர், நாலே எழுத்து, ரெட்டை இழை முறுக்கிக்கிட்டு போகும்போது வெளிப்பக்கம் ரெண்டு பள்ளம் வரும், ஒண்ணு அகலம், ஒண்ணு குறுகல். நம்ம சாயம் உக்கார்றது குறுகல் பள்ளத்துல. ஏவும் டியும் தொடர்ந்து வர்ற இடத்துல அந்த பள்ளம் இன்னும் குறுகி, சாயத்தோட தட்டையான வளையங்க ரெண்டு பக்க சுவத்தையும் உரசிக்கிட்டு இறுக்கமா உள்ள போற அளவுக்கு ஆயிடும். ஹோக்ஸ்ட்டும் சரி டாப்பியும் சரி, நேரான கம்பி மாதிரி இல்லாம பிறை மாதிரி கொஞ்சம் வளைஞ்சு இருக்கும், அந்த வளைவும் டிஎன்ஏ முறுக்கிக்கிட்டு போற வளைவும் ஒத்துப்போகுது. பள்ளத்தோட தரையில தைமின்ல ஒரு ஆக்ஸிஜனும் அடினின்ல ஒரு நைட்ரஜனும் மேல பாத்துக்கிட்டு இருக்கும், சாயத்துல இருக்குற நைட்ரஜன்-ஹைட்ரஜன் கை அதுங்கள புடிச்சு ஹைட்ரஜன் பிணைப்பு போடும். ஹோக்ஸ்ட்ல ஒவ்வொரு பென்சிமிடசோல் வளையமும் ஒரே கையால பக்கத்து பக்கத்துல இருக்குற ரெண்டு எழுத்த சேத்து புடிக்கும். இது போக ரெண்டு சாயத்துக்கும் பாசிட்டிவ் சார்ஜ் இருக்கு, டிஎன்ஏ முழுக்க நெகட்டிவ், அதுலயும் ஏடி வர்ற குறுகல் பள்ளத்துல நெகட்டிவ் தன்மை இன்னும் ஆழமா இருக்கும்.

சரி ஜிசி இருந்தா என்ன ஆகுது? குவானின்ல ஒரு அமினோ குரூப் அந்த குறுகல் பள்ளத்துக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும். அடினின்ல அந்த இடத்துல வெறும் ஒரு ஹைட்ரஜன் தான். அந்த ஒரே ஒரு அமினோ குரூப் தரையில முட்டுக்கட்டையா நிக்குறதால சாயம் ஆழமா இறங்க முடியாது, பிணைப்பும் போட முடியாது, பள்ளமும் அங்க அகலமாயிடுறதால சுவரு ரெண்டும் புடிச்சு நிறுத்தாது. முப்பது சொச்சம் அணுக்கள வச்சுக்கிட்டு ஒரு சின்ன மூலக்கூறு கோடிக்கணக்கான எழுத்துல தனக்கான இடத்த கண்டுபுடிக்கிறது இந்த நாலு காரணத்தோட கூட்டுத்தொகைதான், எதையாவது ஒண்ண எடுத்துட்டா தேர்வு நல்லா குறைஞ்சுடும்.

தண்ணியோட பங்கையும் விட்டுடக்கூடாது. அமெரிக்க விஞ்ஞானி டிக்கர்ஸனோட குழு 1980ல படிகமாக்கி பாத்த 12 எழுத்து டிஎன்ஏ ஒண்ணு இருக்கு, சிஜிசிஜிஏஏடிடிசிஜிசிஜி, இந்த துறைல இருக்குறவங்க எல்லாருக்கும் மனப்பாடம். அதோட நடுவுல வர்ற ஏஏடிடி பள்ளத்துல தண்ணி மூலக்கூறுங்க ஒண்ணுக்கொண்ணு கைகோத்து வரிசையா ஒரு முதுகெலும்பு மாதிரி ஓடுறது அந்த படிகத்துல தெரிஞ்சுது. 1985ல அதே டிஎன்ஏவோட நெட்ராப்சினையும், 1987ல ஹோக்ஸ்ட்ல ஒரு வகையான 33258ஐயும், 1989ல டாப்பியையும் சேத்து படிகம் போட்டு பாத்தாங்க, மூணும் அந்த தண்ணி வரிசைய வெளிய தள்ளிட்டு அதே பள்ளத்துல உக்காந்திருக்கு. கட்டுப்பட்டு கிடந்த தண்ணி விடுதலையாகி வெளிய போறதுல என்ட்ரோபி (ஒழுங்கின்மை) கூடும், அதுவும் ஒட்டுறதுக்கு ஒரு தள்ளு குடுக்கும்.

நீலம் ஏன் ஏறுதுன்னா, தண்ணில சும்மா மிதக்கும்போது சாயத்தோட வளையங்க முறுக்கிக்கிட்டு ஆடிக்கிட்டே இருக்கும், வாங்குன ஒளி சக்திய அந்த ஆட்டத்துலயும் சுத்தி இருக்குற தண்ணிகிட்டயும் தொலைச்சுடும். பள்ளத்துல மாட்டுனதும் அசைய வழியில்ல, தண்ணியும் பக்கத்துல வர முடியாது, சக்திய ஒளியா தான் விட்டாகணும். டாப்பிக்கு சுமார் 20 மடங்கு, ஹோக்ஸ்ட்டுக்கு சுமார் 30 மடங்கு கூடும். அதனாலதான் சரியா கழுவாட்டி கூட நியூக்ளியஸ் தனியா தெரியுது. ஆர்என்ஏல பள்ளத்தோட அமைப்பே வேற, குறுகல் பள்ளம்னு சொல்றது அங்க அகலமா ஆழமில்லாம இருக்கும், ஒட்டுறது ரொம்ப கம்மி, அதனால சைட்டோபிளாசம் இருட்டாவே இருக்கும்.

இன்னொரு விஷயம் இருக்கு, இத பெரும்பாலான ப்ராடக்ட் பேஜ்ல போடவே மாட்டாங்க. ஏடி எவ்ளோ இருக்குங்குறது மட்டும் போதாது, எந்த வரிசைல இருக்குங்குறதும் முக்கியம். ஏஏடிடி, ஏடிஏடி, டிடிஏஏ மூணுலயும் ரெண்டு ஏ ரெண்டு டி தான், ஆனா ஹோக்ஸ்ட் 33258 ஏஏடிடில ரொம்ப இறுக்கமா ஒட்டும், ஏடிஏடில குறையும், டிடிஏஏல இன்னும் பல மடங்கு குறைஞ்சுடும். டிக்கு அடுத்து ஏ வர்ற படில டிஎன்ஏ கொஞ்சம் நெகிழ்ந்து பள்ளம் அகலமாயிடுது, அதான் காரணம். டாப்பிக்கும் இந்த பாரபட்சம் இருக்கு, ஆனா ஹோக்ஸ்ட் அளவுக்கு கறார் கிடையாது.

இது எங்கிருந்து வந்துச்சுங்குறதும் தெரிஞ்சுக்கணும். டாப்பிய முதல்ல செஞ்சது 1971ல, ஜெர்மனில எர்லாங்கன் பல்கலைக்கழகத்துல ஓட்டோ டான் லேப்ல, தூக்க நோய் உண்டாக்குற ட்ரிபனோசோம் ஒட்டுண்ணிய கொல்ற மருந்து தேடும்போது. அதே குடும்பத்து மருந்து தான் டிமினசீன், நம்ம ஊர்ல மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சலோ சர்ரா நோயோ வந்தா கால்நடை டாக்டருங்க போடுற ஊசி, அதுவும் ஏடி குறுகல் பள்ளத்துல தான் ஒட்டும். டாப்பி மருந்தா நிக்கல, ஆனா 1975ல ஈஸ்ட்டோட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவ பாக்கவும், லேப்ல வளக்குற செல் கல்ச்சர்ல மைக்கோபிளாஸ்மாங்குற குட்டி பாக்டீரியா தொத்தியிருக்கான்னு பாக்கவும் சாயமா பயன்படுத்திக் காட்டினாங்க, அப்படியே உலகம் முழுக்க பரவிடுச்சு. ஹோக்ஸ்ட்டுங்குறது ஃபிராங்ஃபர்ட்ல இருந்த கம்பெனி பேரு, 33258, 33342ங்குறது அந்த கம்பெனி செஞ்ச சேர்மங்களுக்கு வரிசையா போட்ட நம்பரு. 1999ல அந்த கம்பெனி இன்னொண்ணோட இணைஞ்சு பேரே இல்லாம போயிடுச்சு, சாயத்துல மட்டும் பேரு இருக்கு.

சரி, வேலை எப்படி செய்யுது? சுண்டெலி செல்லையும் மனுஷ செல்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சு டாப்பி போட்டு பாருங்க. எலி நியூக்ளியஸ்ல பளிச்சுன்னு பத்து பதினஞ்சு புள்ளி தெரியும், மனுஷ நியூக்ளியஸ் ஓரளவுக்கு ஒரே சீரா இருக்கும். எலியோட சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோம புடிச்சு இழுக்குற இடம்) பக்கத்துல ஏடி நிறைஞ்ச ஒரே வரிசை திரும்ப திரும்ப வந்து கொத்து கொத்தா சேந்து நிக்கும், சாயம் அங்க குவிஞ்சுடும். யாராவது செல்லு லைன் மாத்தி குடுத்துட்டாங்களான்னு சந்தேகம் வந்தா முதல்ல நான் பாக்குறது இதைத்தான். கலப்பு கல்ச்சர்ல எலி செல் எது மனுஷ செல் எதுன்னு வேற எந்த மார்க்கரும் இல்லாம பிரிச்சு சொல்லிடலாம்.

மலேரியா வேலை பாக்குறவங்களுக்கு இந்த சாயம் ஒரு வரம். ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியோட ஜீனோம்ல ஏடி 80 சதவீதம், சாயத்துக்கு திரும்பின பக்கமெல்லாம் இடம். மனுஷ சிவப்பணுல நியூக்ளியஸே கிடையாது. அதனால ஸ்மியர்ல சிவப்பணுக்குள்ள ஒரு நீலப் புள்ளி தெரிஞ்சா அது அனேகமா ஒட்டுண்ணி தான், மோதிர நிலைல இருக்குற குட்டி புள்ளி கூட இருட்டுல தனியா தெரியும். மைக்கோபிளாஸ்மாவுக்கும் இதே லாஜிக், அதுங்க டிஎன்ஏலயும் ஏடி அதிகம், நியூக்ளியஸுக்கு வெளிய செல்லு மேல தூள் தூவின மாதிரி சின்ன சின்ன நீலப் புள்ளிங்க தெரிஞ்சா கல்ச்சர தூக்கி போட வேண்டியது தான்.

இதே காரணத்தால தான் சில இடத்துல ஏமாத்தும். காசநோய் பாக்டீரியாவுல ஜிசி 65 சதவீதத்துக்கு மேல, ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைல 70ஐயும் தாண்டும், ஸ்டாஃப் ஆரியஸ்ல 33 கிட்டதான். இதுங்கள ஒரே ஸ்லைடுல வச்சு ஸ்டாஃப் பளிச்சுன்னு இருக்கு, அதனால அதுல டிஎன்ஏ அதிகம்னு எழுதக்கூடாது. சாயம் எண்ணினது ஏடி இடங்கள. செல் சுவரு வழியா எவ்ளோ உள்ள போச்சுங்குறது வேற கணக்கு. ஹோக்ஸ்ட் 33258 வச்சு ஃப்ளோரோமீட்டர்ல (ஒளிர்வ அளக்குற கருவி) டிஎன்ஏ அளக்குறவங்களுக்கும் இது தான் பொருந்தும், ஸ்டாண்டர்டா, அதாவது ஒப்பிட அளவு தெரிஞ்ச டிஎன்ஏவா எத போடுறீங்களோ அதோட ஏடி விகிதமும் உங்க சாம்பிளோட ஏடி விகிதமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். பாலூட்டி சாம்பிளுக்கு கன்னுக்குட்டி தைமஸ் டிஎன்ஏ, அதுல ஏடி 58 சதவீதம், பொருத்தமா இருக்கும். பிளாஸ்மிடுக்கு (பாக்டீரியாவுல தனியா இருக்குற வட்ட டிஎன்ஏ) பிளாஸ்மிடு தான் ஸ்டாண்டர்ட். ரிவ்யூவுக்கு வர்ற பேப்பர்ல ஜிசி அதிகமான பாக்டீரியா டிஎன்ஏவ தைமஸ் ஸ்டாண்டர்ட் வச்சு அளந்து நம்பர் போட்டிருந்தா அந்த நம்பர் உண்மைய விட கம்மியா தான் இருக்கும், திருப்பி அளக்க சொல்லுங்க.

உயிரோட இருக்குற செல்லுக்கு எதுன்னு கேட்டா சந்தேகமே இல்லாம ஹோக்ஸ்ட் 33342. 33258ல ஒரு முனைல ஹைட்ராக்சில் குரூப், 33342ல அந்த இடத்துல எத்தாக்சி, வித்தியாசம் அவ்ளோதான், ஆனா அந்த சின்ன மாத்தத்தால கொழுப்புத்தன்மை கூடி செல் சவ்வ சுலபமா தாண்டிடும். டாப்பி உயிருள்ள செல்லுக்குள்ள போக தயங்கும், அதிக அளவு போட்டா தான் போகும். இது ஒரு வகைல நல்லது, ஃப்ளோ சைட்டோமெட்ரில (செல்ல ஒண்ணொண்ணா லேசர் முன்னாடி ஓடவிட்டு அளக்குற முறை) செத்த செல் மட்டும் நீலமாகும், உயிரோட இருக்குறது ஆகாது, அதனால டாப்பிய செத்த செல்ல கழிக்கிற சாயமாவே பயன்படுத்தலாம். ஹோக்ஸ்ட்ல ஒண்ணு கவனிங்க, சில செல்லுங்க இத வெளிய பம்ப் பண்ணி தள்ளிடும், ஏபிசிஜி2ங்குற பம்ப் தான் அந்த வேலைய பாக்குது. 1996ல எலி எலும்பு மஜ்ஜைல இப்படி சாயத்த வெளிய தள்ளுற ஒரு சின்ன கூட்டத்த பாத்து, அதுல ரத்த ஸ்டெம் செல் செறிவா இருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. உங்க கல்ச்சர்ல சில செல் மங்கலா இருந்தா டிஎன்ஏ கம்மின்னு நினைக்காம இதையும் யோசிங்க.

33342 எவ்ளோ மென்மையா வேலை செய்யுங்குறதுக்கு பெரிய சாட்சி கால்நடை துறைல இருக்கு. காளையோட விந்தணுல எக்ஸ் குரோமோசோம் இருக்குறதுல ஒய் இருக்குறத விட சுமார் 3.8 சதவீதம் டிஎன்ஏ கூட இருக்கும், ஹோக்ஸ்ட் 33342 போட்டு ஒவ்வொரு விந்தணுவையும் லேசர் முன்னாடி ஓடவிட்டு நீலத்தோட அளவ வச்சு பிரிப்பாங்க, கிட்டத்தட்ட 90 சதவீதம் சரியா வரும். இப்ப கிராமங்கள்ல பால்மாடு வச்சிருக்குறவங்க கிடேரி கன்னு பொறக்க போடுற சினை ஊசிக்கு பின்னாடி இருக்குறது இந்த சாயம்தான். சாயம் ஏறின விந்தணு நீந்தி போய் கருவாகி நல்ல கன்னு பொறக்குதுன்னா அதவிட என்ன சர்டிஃபிகேட் வேணும். இங்க ஏடி பிரச்சனை வராது, ஏன்னா ஒரே இனத்துக்குள்ள தான ஒப்பிடுறோம்.

அதுக்காக உயிருள்ள செல்லுல இஷ்டத்துக்கு போடாதீங்க. டிஎன்ஏ முறுக்க தளர்த்துற டோபோஐசோமரேஸ் 1ங்குற என்சைம தடுக்கும், கூடவே யூவி வெளிச்சம் பட்டா டிஎன்ஏ சேதமாகும், மணிக்கணக்குல டைம்லாப்ஸ் எடுக்குறவங்க எவ்ளோ கம்மியா போட முடியுமோ அவ்ளோ கம்மியா போடுங்க, எக்ஸ்போஷரையும் குறைங்க. ரெண்டுமே டிஎன்ஏல ஒட்டுற பொருள், கிளவுஸ் இல்லாம தொடக்கூடாது, பொடிய எடை போடும்போது மாஸ்க்கும் போட்டுக்கோங்க.

குறைன்னு சொல்லணும்னா ரெண்டு இருக்கு. ஹோக்ஸ்ட் அதிகமா போட்டுட்டு சரியா கழுவலைன்னா ஒட்டாம மிச்சம் இருக்குற சாயம் 510ல இருந்து 540 நானோமீட்டர் பக்கம் பச்சையா மினுங்கும், அது பச்சை சேனல்ல வந்து கலந்துடும். இதவிட பெருசு, யூவி வெளிச்சம் கொஞ்ச நேரம் பட்டாலே ரெண்டு சாயத்துலயும் ஒரு பகுதி வேற உருவத்துக்கு மாறி, நீல வெளிச்சம் அடிச்சா பச்சையா ஒளிர ஆரம்பிச்சுடும். ஜிஎஃப்பி (பச்சையா ஒளிர்ற புரதம்) படம் எடுக்குறவங்க முதல்ல நீல சேனல்ல நியூக்ளியஸ தேடி ஃபோகஸ் பண்ணிட்டு அப்புறம் பச்சை எடுத்தா, நியூக்ளியஸ்ல இல்லாத ஜிஎஃப்பி இருக்குற மாதிரி தெரியும். அதனால சிவப்பு பச்சை எல்லாத்தையும் எடுத்து முடிச்சுட்டு கடைசியா டாப்பி சேனல் எடுங்க, டாப்பி மட்டும் போட்ட ஸ்லைடு ஒண்ணு கன்ட்ரோலா கட்டாயம் வச்சுக்கோங்க. டாப்பிக்கு உச்ச எக்ஸைட்டேஷன் (வாங்குற ஒளி) 358 நானோமீட்டர், எமிஷன் (விடுற ஒளி) 461, நிறைய கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்ல யூவி லேசர் இல்லாம 405 தான் இருக்கும், அது ஓரமா தான் தூண்டும், இருந்தாலும் நியூக்ளியஸ் பாக்க தாராளமா போதும்.

என் மார்க்கு, ஃபிக்ஸ் பண்ண ஸ்லைடுக்கு டாப்பிக்கு அஞ்சுக்கு நாலரை, உயிருள்ள செல்லுக்கும் ஃப்ளோவுக்கும் ஹோக்ஸ்ட் 33342க்கு அஞ்சுக்கு நாலரை. ஒரே ஒண்ணு தான் வாங்க பட்ஜெட் இருக்குன்னா 33342 வாங்குங்க, ஃபிக்ஸ் பண்ணதுலயும் அது நல்லாவே வேலை செய்யும். 33258 ஃப்ளோரோமீட்டர் வேலை இருந்தா மட்டும்.

இதுக்கு அடுத்த படியா, நமக்கு வேணும்ங்குற எழுத்து வரிசைய படிக்கிற சாயம் இருந்தா எப்படி இருக்கும்னு நினைக்கிறவங்களுக்கு, அந்த வழிய அமெரிக்காவுல கால்டெக் பல்கலைக்கழகத்துல பீட்டர் டெர்வன் குழு ஏற்கனவே போட்டுட்டாங்க. நெட்ராப்சினுக்கு சொந்தக்கார மூலக்கூறு டிஸ்டாமைசின், 1989ல அது ஒரே பள்ளத்துல ரெண்டு ரெண்டா பக்கத்துல பக்கத்துல படுக்குதுன்னு தெரிஞ்சுது. அதுல இருக்குற பைரோல் வளையத்துல ஒரு கார்பன நைட்ரஜனா மாத்தி இமிடசோல் ஆக்குனா, குவானினோட அந்த முட்டுக்கட்டை அமினோ குரூப்ப அது ஹைட்ரஜன் பிணைப்பா புடிச்சுக்கும். எது தடையா நின்னுச்சோ அதையே அடையாளமா ஆக்கிட்டாங்க, என்ன ஒரு யோசனை! இமிடசோலும் பைரோலும் ஜோடியா வந்தா ஜிசி, பைரோலும் பைரோலும் ஜோடியா வந்தா ஏடி அல்லது டிஏ, 1998ல ஹைட்ராக்சிபைரோல்னு ஒண்ண சேத்து டிஏவையும் ஏடியையும் கூட பிரிச்சுட்டாங்க. இதெல்லாம் நம்ம சாயம் மாதிரி வயல்ல வாங்கி கரைக்கிற பொருள் கிடையாது, ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியா சின்தசிஸ் பண்ணணும்.

வயல்ல வாங்கக்கூடியதா ஜிசி பக்கம் படிக்க ஒரு துணை வேணும்னா குரோமோமைசின் ஏ3 வாங்குங்க. மக்னீசியம் கண்டிப்பா பஃபர்ல இருக்கணும், ரெண்டு மூலக்கூறு ஒரு மக்னீசியத்த நடுவுல வச்சு ஜோடி சேந்து ஜிசி இருக்குற குறுகல் பள்ளத்துல உக்காரும். ஹோக்ஸ்ட் 33258ஐயும் இதையும் சேத்து போட்டு ரெண்டு லேசர்ல ஓடவிட்டா ஒவ்வொரு குரோமோசோமும் தன்னோட ஏடி ஜிசி விகிதத்துக்கு ஏத்த இடத்துல தனி புள்ளிக் கூட்டமா பிரிஞ்சு நிக்கும், மனுஷ குரோமோசோம் எல்லாத்தையும் இப்படி பிரிச்சுடலாம், 9ல இருந்து 12 வரைக்கும் மட்டும் அளவும் விகிதமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்குறதால ஒரே கூட்டமா வரும்.